காணாமல் போன ‘ஸ்லீப்’ பட்டன்: விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகு பவர் அமைப்புகள் எங்கே போகின்றன?

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பிறை என்ற பக்கத்து ஊரிலிருந்து ஓர் அக்கா தன் மடிக்கணினியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். தமிழ்ப்பள்ளி ஆசிரியர். இரண்டு நாளைக்கு முன்புதான் ஒரு கடையில் கொடுத்து, உள்ளே இருந்ததையெல்லாம் அழித்து, விண்டோஸ் 11-ஐப் புதிதாகப் போட்டு வாங்கியிருக்கிறார்.

“தம்பி, முன்ன இருந்ததவிட வேகமாத்தான் இருக்கு. ஆனா தூங்க வைக்கிற பட்டனையே காணோம். மூடி வெச்சாலும் ஓடிக்கிட்டே இருக்கு. வெளிச்சத்தைக் குறைக்க முடியல. வைஃபையும் வரல. பேட்டரி அறுபதுக்கு மேல ஏறவே மாட்டேங்குது. பேட்டரி போயிருச்சு, மாத்தணும், முந்நூறு வெள்ளி ஆகும்னு கடையில சொல்றாங்க.”

ஒரே மூச்சில் ஐந்து குறை. ஐந்தும் ஒரே நாளில் வந்ததால், ஐந்துக்கும் ஒரே காரணம் இருக்கும் என்று அவர் நினைத்தது இயல்புதான். பார்க்கப்போனால் காரணம் இரண்டு. இரண்டும் இயந்திரத்தின் வெவ்வேறு இடத்தில் இருந்தன. அதிலும் பேட்டரி கெடவே இல்லை.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. அதையொட்டிப் பலர் பழைய இயந்திரத்தைத் துடைத்துவிட்டு விண்டோஸ் 11 போட்டார்கள், இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இங்கே பினாங்கில் இதை ‘பார்மட் பண்றது’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவோம். அப்படிப் பார்மட் பண்ணிய பிறகு மின்சாரம் சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று காணாமல் போனதாக என்னிடம் வருகிறவர்கள் கொஞ்ச நஞ்சம் பேர் இல்லை. எல்லாருமே முதலில் தேடுவது அதைத் திரும்பக் கொண்டுவரும் ஒரு தந்திரத்தை. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: காணாமல் போனது முன்பு எங்கே குடியிருந்தது?

மடிக்கணினியின் பவர் அமைப்புகள் மூன்று இடத்தில் இருக்கின்றன. ஒன்று, விண்டோஸுக்குள். எத்தனை நிமிடத்தில் திரை அணைய வேண்டும், மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸின் குறிப்பேட்டில் எழுதி வைக்கப்பட்டிருக்கும். இன்னொன்று, தயாரிப்பாளர் கொடுக்கும் டிரைவர்களும் (ஒவ்வொரு உறுப்பையும் விண்டோஸோடு பேச வைக்கும் சின்ன மென்பொருள்கள்) செயலிகளும். மூன்றாவது, மதர்போர்டு என்ற முதன்மைப் பலகையிலேயே இருந்து இயந்திரத்தை முதலில் எழுப்பும் பயோஸ் என்ற மென்பொருளும், அதன் பக்கத்தில் இருக்கும் எம்பெடட் கண்ட்ரோலர் என்ற சின்னச் சில்லும். விசைப்பலகை, விசிறி, சார்ஜ் ஏறுவது எல்லாம் பெரும்பாலும் இந்தச் சில்லின் கையில்தான். பார்மட் பண்ணும்போது முதல் இரண்டும் அடியோடு போய்விடும். மூன்றாவது அப்படியே இருக்கும்.

வாடகை வீட்டைக் காலி செய்கிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். சாமான்கள் போய்விட்டன. சுவருக்குள் ஓடும் ஒயரிங் இருக்கிறது. கூரையில் விசிறி சுற்றிக்கொண்டே இருக்கிறது, அதன் ரிமோட்டை மட்டும் காணோம். அக்காவின் பேட்டரிக்கு நடந்தது இதுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஏன் இப்படி மூன்று இடத்தில் பிரித்து வைத்தார்கள்? 1992-இல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து ஏபிஎம் என்றொரு முறையைக் கொண்டுவந்தன. அதில் மின்சேமிப்பு பெரும்பாலும் பயோஸின் வேலை. விண்டோஸ் மும்முரமாக எதையோ செய்துகொண்டிருக்கும்போதும், பயோஸ் தன் போக்கில் இயந்திரத்தைத் தூங்க வைத்துவிட முடியும். 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் ஏசிபிஐ என்ற புதிய முறையை வெளியிட்டன. அதில் பொறுப்பு கைமாறியது. முடிவெடுப்பது இயங்குதளம். பயோஸ் செய்வது, ‘என்னிடம் ஒரு மூடி இருக்கிறது, ஒரு பேட்டரி இருக்கிறது, இன்னின்ன விதமான தூக்கம் எனக்குத் தெரியும்’ என்று சில அட்டவணைகளில் எழுதிக் கொடுப்பது. இன்றைக்கு நாம் வாங்கும் விண்டோஸ் மடிக்கணினிகள் அநேகமாக எல்லாமே இந்த ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன. 2013-லிருந்து இந்த விதிமுறையை யூஇஎஃப்ஐ மன்றம் என்ற கணினி நிறுவனங்களின் கூட்டமைப்பு பராமரித்து வருகிறது.

இன்டெல் என்ற பெயர் பினாங்குத் தமிழர்களுக்குப் புதிதல்ல. அமெரிக்காவுக்கு வெளியே அந்த நிறுவனத்தின் முதல் ஒருங்கிணைப்புத் தொழிற்சாலை 1972-இல் திறந்தது இங்கே பாயான் லெப்பாஸில்தான். அதுவரை வயலாகக் கிடந்த இடம். அந்த வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் என் பெரியம்மா மைக்ரோஸ்கோப்பைக் குனிந்து பார்த்து, சில்லுக்கு முடியளவுக் கம்பி ஒட்டும் வேலையைப் பல வருடம் செய்தார். கண் எரிச்சலோடு தொழிற்சாலை பஸ்ஸில் வீடு திரும்புவார். மடிக்கணினிக்குள் எது எங்கே இருக்கிறது என்று எனக்கு இத்தனை அக்கறை வந்தது அவரிடமிருந்துதான் என்று நினைக்கிறேன்.

சரி, அக்காவின் இயந்திரத்துக்கு வருவோம். நான் முதலில் திறந்தது, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்டை. அதில் தட்ட வேண்டிய கட்டளையின் பெயர் பவர்சிஎஃப்ஜி. ‘பவர்’ என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்தையும் இடைவெளி விடாமல் ஒட்டி எழுதி, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு ஏ என்று தட்டினால், இந்த இயந்திரத்துக்கு எந்தெந்தத் தூக்கம் வரும், எது வராது, ஏன் வராது என்று விண்டோஸே பட்டியல் போட்டுக் கொடுத்துவிடும். பவர் அமைப்பு காணவில்லை என்று யார் வந்தாலும் நான் வேறு எதையும் தொடுவதற்கு முன் இதைத்தான் பார்ப்பேன்.

அவருடைய திரையில் எஸ்3 என்ற பழைய வகைத் தூக்கத்துக்குக் கீழே, உள் உறுப்பு ஒன்று இந்நிலையை முடக்கியிருக்கிறது என்று வந்தது. அடுத்த வரியில் ஒரே சொல்: கிராபிக்ஸ்.

இயந்திரத்தின் உறுப்புகளையும் அவற்றின் டிரைவர்களையும் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டர் என்ற கிளையை விரித்தேன். இன்டெல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்’ என்று இருந்தது. விண்டோஸுக்கு உரிய கிராபிக்ஸ் டிரைவர் கிடைக்காதபோது, படமாவது தெரியட்டும் என்று அது தானாகப் போட்டுக்கொள்ளும் ஒட்டுவேலை டிரைவர் இது. படம் தெரியும், அவ்வளவுதான். இயந்திரம் தூங்கும்போது திரையை இயக்கும் சில்லின் நிலையைச் சேமித்து வைக்க வேண்டும், எழும்போது பழையபடி நிறுத்த வேண்டும். அது இந்த டிரைவருக்குத் தெரியாது. தூங்க விட்டால் எழும்போது திரை கறுப்பாகவே நின்றுவிடும் என்பதால், விண்டோஸ் தூக்கத்தையே மறைத்துவிடுகிறது. ஸ்டார்ட் மெனுவில் ஸ்லீப் இல்லாததும், மூடியை மூடினாலும் ஓடிக்கொண்டே இருந்ததும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கோடு இல்லாததும் இந்த ஒன்றால்தான்.

இந்த டிரைவர் இரண்டு நாளாகியும் ஏன் வந்து சேரவில்லை? இணையம் கிடைத்திருந்தால் விண்டோஸ் அப்டேட் தானே தேடிப் போட்டிருக்கும். வைஃபை டிரைவரும் இல்லாததால் அதற்கு வெளியுலகமே தெரியவில்லை. அக்காவின் கைப்பேசியை யூஎஸ்பி கேபிளால் இணைத்து, கைப்பேசியின் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினேன். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு இதற்கென்று தனி டிரைவர் பெரும்பாலும் தேவைப்படாது. இணையம் வந்ததும் விண்டோஸ் அப்டேட்டைத் தேடச் சொன்னேன். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்று ஒரு மூலை இருக்கிறது. பலர் எட்டிப் பார்க்காத மூலை. சிப்செட், கிராபிக்ஸ், வைஃபை என்று வரிசையாக டிரைவர்கள் அங்கே காத்திருந்தன. எல்லாவற்றையும் டிக் செய்து இறக்கி, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தோம். ஸ்லீப் வந்துவிட்டது, வெளிச்சக் கோடு வந்துவிட்டது, வைஃபையும் வந்துவிட்டது. மூடியை மூடினேன். பக்கத்தில் இருந்த சின்ன விளக்கு மெதுவாக மூச்சு விடுவதுபோல் மின்ன ஆரம்பித்தது. அக்கா அதைக் குனிந்து பார்த்துவிட்டு, “இதத்தான் தம்பி காணோம்னேன்” என்றார்.

ஐந்தில் நான்கு தீர்ந்தது. பேட்டரிதான் மிச்சம்.

பேட்டரியைப் பற்றி யார் என்ன சொன்னாலும், இயந்திரம் என்ன சொல்கிறது என்று முதலில் கேட்கலாம். அதே பவர்சிஎஃப்ஜி கட்டளையோடு ‘பேட்டரி ரிப்போர்ட்’ என்று சேர்த்துத் தட்டினால் ஓர் அறிக்கை கோப்பாகச் சேமிக்கப்படும். அதை பிரவுசரில் திறக்கலாம். அதில் இரண்டு எண்ணைப் பார்த்தால் போதும். புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளும் என்பது ஒன்று. இப்போது முழுதாக ஏறினால் எவ்வளவு கொள்ளும் என்பது மற்றொன்று. அக்காவின் பேட்டரிக்கு முதல் எண் 45,000 மில்லிவாட்-மணி, இரண்டாவது ஏறக்குறைய 39,000. 2019-இல் வாங்கிய இயந்திரம். இத்தனை வருடத்துக்குப் பிறகும் நூற்றுக்கு எண்பத்தாறு பங்கு திடமாக இருக்கிறது. கெட்டுப்போன பேட்டரியின் கணக்கு இப்படி இருக்காது.

பிறகு ஏன் அறுபதோடு நின்றது? நிற்கச் சொல்லி யாரோ எப்போதோ சொல்லியிருக்கிறார்கள். “ஆமா, மகன்தான் வாங்கின புதுசுல எதையோ ஒன்னு அமுக்கி வெச்சான், எப்பவும் சொருகியே வெச்சிருக்கீங்க, இதான் நல்லதுன்னு” என்று அக்காவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

லித்தியம் அயான் பேட்டரிக்கு இரண்டு விஷயம் ஆகாது. ஒன்று சூடு, மற்றொன்று எப்போதும் நிறைந்த வயிறாக இருப்பது. முழுதாக ஏறிய நிலையில் மின்கலத்தின் மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும். அந்த நிலையில் சூடும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் வேதிப்பொருள் வேகமாக மூப்படையும். வருடம் பூராவும் பகலில் முப்பது டிகிரியைத் தாண்டும் நம் ஊரில், நாள் முழுக்க மின்சாரத்தில் சொருகி வைக்கும் பழக்கமும் இருந்தால், அது பேட்டரிக்கு இரட்டைச் சுமை. அதனால்தான் தயாரிப்பாளர்கள் ஏறுவதைப் பாதியில் நிறுத்தும் வசதியைக் கொடுக்கிறார்கள். லெனோவோவில் அது வான்டேஜ் என்ற செயலியில் இருக்கும். ஏசுஸில் மைஏசுஸ் செயலியில் இருக்கும். அதுவும் வேலை செய்ய வேண்டுமானால் ஏசுஸ் சிஸ்டம் கண்ட்ரோல் இன்டர்ஃபேஸ் என்ற டிரைவர் அடியில் இருந்தாக வேண்டும். டெல்லின் பல மாடல்களில் பயோஸுக்குள்ளேயே இதை மாற்றிக்கொள்ளலாம்.

இங்கேதான் முன்னே சொன்ன ரிமோட் கதை. செயலியில் நாம் ஒரு பட்டனை அழுத்துகிறோம். பல மாடல்களில் அந்தக் கட்டளை போய்ச் சேருவது எம்பெடட் கண்ட்ரோலருக்கு. அது அங்கேயே பதிந்துகொள்ளும். விண்டோஸை அழித்தாலும் அது அழியாது. செயலி போய்விட்டது, உத்தரவு அப்படியே இருக்கிறது. அறுபதோடு நிறுத்து என்றால் அது இன்றைக்கும் அறுபதோடு நிறுத்திக்கொண்டிருக்கிறது. அக்காவுக்குக் காணாமல் போனது அமைப்பு அல்ல, அதை மாற்றும் கை. தயாரிப்பாளரின் செயலியை மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து இறக்கி, அதற்கு வேண்டிய டிரைவரையும் போட்டதும், அந்தப் பட்டன் பழையபடி இயங்கிய நிலையிலேயே நின்றது தெரிந்தது.

முந்நூறு வெள்ளி மிச்சம் என்று அக்கா சந்தோஷப்பட்டார். எனக்குச் சந்தோஷத்தைவிட வருத்தம்தான் கூட. இந்த ஒரே காரணத்துக்காக, நன்றாக இருக்கும் பேட்டரியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கியவர்களை எனக்குத் தெரியும். புதிய பேட்டரியும் அறுபதோடு நிற்கும். அப்புறம் சார்ஜரைக் குறை சொல்வார்கள், அதற்கப்புறம் மதர்போர்டை. கடைக்காரர் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாளில் பத்து இயந்திரத்துக்கு விண்டோஸ் போடுகிறவருக்கு, ஒவ்வொரு மாடலின் செயலியையும் தேடிப் போட நேரம் இருக்காது. ஆனால் பேட்டரி ரிப்போர்ட் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தைக் கேட்டு வாங்க நமக்கு உரிமை இருக்கிறது.

அழிந்தாலும் அழியாமல் போர்டிலேயே தங்கும் பொருள் இன்னொன்றும் உண்டு. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு சேர்த்து விற்கப்படும் மடிக்கணினிகளில் அதன் உரிம எண்ணை ஏசிபிஐ அட்டவணை ஒன்றிலேயே தயாரிப்பாளர்கள் பதித்துவிடுகிறார்கள். புதிதாகப் போட்டதும் விண்டோஸ் யாரையும் கேட்காமல் தானே உயிர் பெறுவது அதனால்தான். உரிமம் தனியாக வாங்க வேண்டும் என்று யாராவது பணம் கேட்டால், இது நினைவிருக்கட்டும்.

அக்காவின் குறை பழைய இயந்திரத்தின் குறை. புதிய இயந்திரம் வைத்திருப்பவர்களின் குறை வேறு. எங்கள் குடியிருப்புத் தாமானிலேயே இருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் வந்து, “அண்ணே, ஹை பெர்ஃபாமன்ஸைக் காணோம், பேலன்ஸ்டு மட்டும்தான் இருக்கு” என்றார். முன்பு அவர் வைத்திருந்த பழைய மடிக்கணினியில் கண்ட்ரோல் பேனலைத் திறந்தால் பேலன்ஸ்டு, பவர் சேவர், ஹை பெர்ஃபாமன்ஸ் என்று மூன்று பவர் பிளான் வரிசையாக இருக்கும். புதிய இயந்திரத்தில் ஒன்றுதான் இருக்கிறது. விண்டோஸைப் போட்டவர் எதையோ விட்டுவிட்டார் என்று அவர் நினைத்தார்.

யாரும் எதையும் விடவில்லை. 2012-இல் விண்டோஸ் 8-உடன் கனெக்டட் ஸ்டேண்ட்பை என்று ஒன்று வந்தது. விண்டோஸ் 10-இல் அது மாடர்ன் ஸ்டேண்ட்பை ஆனது. கைப்பேசி தூங்கும் விதம் அது: திரை அணைந்திருக்கும், உள்ளே அரைத் தூக்கத்தில் அஞ்சல் வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும். பழைய எஸ்3 அப்படியல்ல. நினைவகத்துக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் விட்டுவிட்டு, மற்ற எல்லாம் அடங்கிவிடும். ஓர் இயந்திரம் மாடர்ன் ஸ்டேண்ட்பை ரகம் என்று அதன் பயோஸ் அட்டவணை சொன்னால், விண்டோஸ் பேலன்ஸ்டு பிளானை மட்டும்தான் காட்டும். இது கோளாறு அல்ல, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். வேகத்தைக் கூட்டும் பட்டன் வேறு இடத்துக்குப் போயிருக்கிறது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் பவர் அண்ட் பேட்டரி, அங்கே பவர் மோட். பெஸ்ட் பெர்ஃபாமன்ஸ் என்பது அதில் இருக்கிறது. கண்ட்ரோல் பேனலில் பேலன்ஸ்டு அல்லாத வேறு பிளானைத் தேர்ந்தெடுத்தால் இந்த பவர் மோட் பட்டியலை மாற்ற முடியாமல் போய்விடும். ஒன்றைத் தேடிப் பிடிக்கப்போய் மற்றொன்றைத் தொலைப்பவர்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அந்த மாணவர் என்னிடம் வருவதற்கு முன்பே ஒரு காரியம் செய்திருந்தார். எங்கோ பார்த்து, ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரியைச் சேர்த்து மாடர்ன் ஸ்டேண்ட்பையை அணைத்துவிட்டார். பழைய மூன்று பிளானும் திரும்பிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த நாள் பார்த்தால் ஸ்லீப்பே இல்லை. 2020-க்குப் பிறகு வந்த பல மடிக்கணினிகளில் பயோஸ் எஸ்3-ஐ ஆதரிப்பதே இல்லை. இருந்த ஒரே தூக்கத்தையும் அணைத்துவிட்டால், அப்புறம் எப்படித் தூங்கும்? பவர்சிஎஃப்ஜியின் பட்டியலை முதலில் பார்த்திருந்தால், எஸ்3-ஐ இந்த ஃபர்ம்வேர், அதாவது பயோஸ், ஆதரிக்கவில்லை என்று அது பச்சையாகவே சொல்லியிருக்கும். சேர்த்த வரியை நீக்கி ரீஸ்டார்ட் செய்ததும் சரியாகிவிட்டது. பழைய பிளான்களைப் படியெடுத்துப் பட்டியலில் சேர்க்க ஒரு கட்டளை இருக்கிறது என்பதும் உண்மைதான். சில இயந்திரங்களில் அது பலிக்கும், சிலவற்றில் பலிக்காது. பலித்தாலும் பவர் மோட் கொடுப்பதைவிடப் பெரிதாக ஒன்றும் கிடைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. விசிறிச் சத்தம் கூடும், மடி சுடும்.

எல்லா பிளானையும் தொடக்க நிலைக்குக் கொண்டுபோகும் ‘ரீஸ்டோர் டிஃபால்ட் ஸ்கீம்ஸ்’ என்ற கட்டளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிளான்கள் உண்மையிலேயே குழம்பிக் கிடந்தால் அது நல்ல மருந்து. ஆனால் நீங்களே செய்து வைத்த பிளானையும், தயாரிப்பாளர் தன் பெயரில் வைத்திருந்த பிளானையும் சேர்த்துத் துடைத்துவிடும். முதலில் ‘எக்ஸ்போர்ட்’ கட்டளையால் கோப்பாக வெளியே எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

ஹைபர்னேட் விஷயம்தான் நம் ஊருக்கு ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறேன். மாடர்ன் ஸ்டேண்ட்பை இயந்திரத்தை மூடிப் பைக்குள் வைத்து, பையை மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு, மத்தியான வெயிலில் ஃபெர்ரி ஏறி ஜார்ஜ்டவுன் போகிறோம். வழியில் ஏதோ ஓர் அப்டேட்டோ டிரைவரோ அதை எழுப்பிவிடுகிறது. பைக்குள் காற்றோட்டம் இல்லை. இறங்கிப் பையைத் திறந்தால் இயந்திரம் தோசைக்கல் மாதிரி இருக்கும், பேட்டரி பாதி தீர்ந்திருக்கும். ஹைபர்னேட் அப்படியல்ல. நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, மொத்தமாக அணைந்துவிடும். திறக்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஸ்லீப்பைவிடச் சில விநாடி கூட ஆகும், அவ்வளவுதான்.

விண்டோஸ் 8-லிருந்து ஹைபர்னேட் பவர் மெனுவில் இயல்பாகத் தெரிவதில்லை. அதனால் பார்மட் பண்ணும் ஒவ்வொரு முறையும் அது காணாமல் போனதுபோல் இருக்கும். நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி, ஓர் இடம் விட்டுச் சாய்கோடு, அதோடு ஹைபர்னேட், மறுபடி ஓர் இடம் விட்டு ஆன் என்று ஒரே வரியில் தட்டுங்கள். பிறகு கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தைத் திறங்கள். அங்கே டிக் போட வேண்டிய பெட்டிகள் மங்கலாக, தொட முடியாமல் இருக்கும். மேலே ‘சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அனவைலபிள்’ என்று ஒரு நீல வரி. அதைச் சொடுக்கினால்தான் பெட்டிகள் உயிர் பெறும். பலர் இந்த வரியைக் கவனிக்காமல், தங்கள் இயந்திரத்தில் இந்த வசதி இல்லை என்று மூடிவிடுகிறார்கள். இதற்காக டிஸ்க்கில் ஒதுக்கப்படும் கோப்பு இயல்பாக நினைவகத்தின் அளவில் நாற்பது சதவீதம். 16 ஜிபி நினைவகம் என்றால் ஆறரை ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. டிஸ்க் ரொம்பச் சின்னதாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். அதே பக்கத்தில், பேட்டரியில் ஓடும்போது மூடியை மூடினால் ஹைபர்னேட் என்று வைத்துவிட்டால், பைக்குள் சுடும் தொல்லை அதோடு ஒழிந்தது.

பேட்டரிப் படமே காணாமல் போவது, விசிறி ஓயாமல் கத்துவது, எஃப்என் விசையோடு அழுத்தும் விசைகள் வேலை செய்யாதது போன்றவற்றுக்கும் பதில் பெரும்பாலும் டிரைவர் பக்கம்தான். பேட்டரிப் படத்துக்கு டிவைஸ் மேனேஜரில் பேட்டரீஸ் கிளையில் இருக்கும் ஏசிபிஐ பேட்டரியை நீக்கிவிட்டு, வன்பொருள் மாற்றங்களைத் தேடச் சொன்னால் பல நேரம் திரும்பிவிடும். மற்றவற்றுக்குத் தயாரிப்பாளரின் இணையதளத்தில், இயந்திரத்தின் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைப் போட்டு அந்த மாடலுக்கென்றே உள்ள டிரைவர்களை எடுக்க வேண்டும். நான் முதலில் சிப்செட், பிறகு கிராபிக்ஸ், அப்புறம் வெப்பத்தையும் மின்சாரத்தையும் நிர்வகிக்கும் டிரைவர்கள், கடைசியில் செயலி என்று போவேன். செயலியை முதலில் போட்டால், அடியில் டிரைவர் இல்லாததால் பாதிப் பட்டன்கள் தெரியாமலே இருக்கும். பிறகு செயலியைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

இன்னும் பார்மட் பண்ணாதவர்களுக்கு ஒன்று. இப்போது ஓடும் இயந்திரத்திலிருந்தே, தயாரிப்பாளர் போட்ட டிரைவர்களையெல்லாம் ஒரு பென்டிரைவில் படியெடுத்துவிடலாம். டிஸ்ம் என்ற கட்டளையில் அதற்கு ‘எக்ஸ்போர்ட் டிரைவர்’ என்று ஒரு வசதி இருக்கிறது. பத்து நிமிட வேலை. கடையில் கொடுப்பதானால், ரெக்கவரி பார்ட்டிஷனை அழிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தயாரிப்பாளர் தன் டிரைவர்களோடும் செயலிகளோடும் சேர்த்து வைத்திருக்கும் முழுப் பிரதி பல இயந்திரங்களில் அங்கேதான் இருக்கிறது. வேறு எந்த வழியும் பலிக்காதபோது அது கைகொடுக்கும்.

அக்கா கிளம்பும்போது, பேட்டரியை நூறுக்கு ஏற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். பள்ளியிலும் வீட்டிலும் எப்போதும் சொருகித்தான் வைக்கிறார் என்பதால் அறுபதே இருக்கட்டும் என்றேன். மாணவர்களை முகாமுக்கு அழைத்துப் போகும் வாரம் மட்டும், முதல் நாள் ராத்திரி அந்தப் பட்டனை அணைத்துவிட்டால் காலையில் நூறு இருக்கும். எங்கே அமுக்க வேண்டும் என்பதை ஒரு சின்னத் தாளில் தமிழில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அதைச் சார்ஜர் ஒயரிலேயே டேப் போட்டுச் சுற்றி ஒட்டிக்கொண்டு போனார்.